14 விண்ணப்பம் போட்டும் ஒரு அழைப்பும் இல்லை: கவர் லெட்டரில் என்ன பிழை?

கேள்வி: நான் களுவாஞ்சிக்குடி. எச்.என்.டி.ஏ. (உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா) முடித்துவிட்டு, கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஒன்றரை வருடம் கணக்கு எழுதினேன். உரிமையாளர் கடையை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார். ஏழு மாதமாக வீட்டில்தான் இருக்கிறேன். இதுவரை 14 இடத்துக்கு சிவி அனுப்பிவிட்டேன், ஒருவரும் கூப்பிடவில்லை. இப்போது மட்டக்களப்பு டவுனில் ஒரு லீசிங் கம்பனிக் கிளைக்குக் கணக்கு உதவியாளர் தேவை என்று பேப்பரில் வந்திருக்கிறது. கணக்கியல் டிப்ளோமா, ஒரு வருட அனுபவம், எக்செல், வாடிக்கையாளருடன் பழகும் திறன் கேட்டிருக்கிறார்கள். சிங்களம் தெரிந்தால் விசேட தகைமையாம். கவர் லெட்டரோடு மின்னஞ்சல் பண்ணச் சொல்கிறார்கள். கொமினிகேஷனில் (ரைப், போட்டோகொப்பிக் கடையில்) ரைப் பண்ணித் தந்த கடிதத்தை இணைத்திருக்கிறேன். இது போதுமா? தமிழில் எழுதுவதா, இங்கிலீசிலா?

பதில்: போதாது. உங்கள் கடிதத்தில் மொத்தம் மூன்று வசனம். "தங்கள் விளம்பரத்தைக் கண்ணுற்று மேற்படி பதவிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன்." "நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள், குழுவாகவும் தனியாகவும் பணியாற்றக்கூடியவள்." "சந்தர்ப்பம் அளித்தால் தங்கள் மனம் திருப்தியுறும்படி சேவை செய்வேன் என உறுதியளிக்கிறேன்." எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் பெயரை வெட்டி, ஏறாவூரில் வேலை தேடும் ஒரு லொறிச் சாரதியின் பெயரைப் போட்டாலும் கடிதம் அப்படியே பொருந்தும். அங்கேதான் பிழை. கொமினிகேஷன்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்குத் தெரிந்தது உங்கள் பெயரும் பதவியின் பெயரும்தானே.

விண்ணப்பத்தைத் திறப்பவர் உங்களுடைய குணத்தைத் தேடுவதில்லை. தாங்கள் கேட்ட நாலைந்து விடயம் இந்தப் பிள்ளையிடம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். ஆகவே விளம்பரத்தை வெட்டி எடுத்து ஒரு தாளில் ஒட்டுங்கள். கேட்டவை ஒவ்வொன்றையும் இடப்பக்கம் எழுதி, அதற்கு நேரே வலப்பக்கம், அதை நீங்கள் எங்கே, எப்படிச் செய்தீர்கள் என்று குறியுங்கள். "தெரியும்", "அனுபவம் உண்டு" என்ற சொற்கள் வலப்பக்கத்தில் வரக்கூடாது. செய்த வேலையை மட்டும் எழுதுங்கள். இந்தத் தாள் சரியாக வந்தால் கடிதத்தின் முக்கால் பங்கு முடிந்தது.

இனி உங்கள் அனுபவம். "ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதினேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். அந்த வரிக்குள் குறைந்தது ஐந்து வேலை ஒளிந்திருக்கும். கடை மூடுமுன் காசை எண்ணி மீதியைச் சரிபார்த்திருப்பீர்கள். மேசன்மாரும் கொந்தராத்துக்காரரும் கடனுக்கு எடுத்த சீமெந்துக்கும் கம்பிக்கும் கடன் கொப்பி வைத்திருப்பீர்கள். மொத்த வியாபாரிக்குக் கொடுத்த பின்திகதியிட்ட காசோலைகள் எந்த நாளில் வங்கிக்கு வரும் என்று கணக்குப் பார்த்திருப்பீர்கள். மாத முடிவில் வங்கிக் கூற்றையும் காசேட்டையும் ஒப்பிட்டு இணக்கக் கூற்றும், வேலையாட்களுக்குச் சம்பளப் பட்டியலும் போட்டிருப்பீர்கள்.

இவற்றில், வாகனம் போன்றவற்றைத் தவணைக்குக் கொடுக்கும் லீசிங் கம்பனிக்கு எது பெரிது? சம்பளப் பட்டியல் அல்ல, கடன் கொப்பிதான். தவணை தவறியவர் யார், எத்தனை நாள் பிந்தியிருக்கிறது, அவருக்குப் போன் போட்டு எப்படிப் பேசுவது: லீசிங் கிளையின் அன்றாடப் பாடு இதுவே. ஹாட்வெயார் கடையில் நீங்கள் அதைச் சிறிய அளவில் செய்திருக்கிறீர்கள். ஆகவே அதுதான் முதல் பந்தியில் வரவேண்டும். இதே அனுபவத்தோடு ஒரு ஆடைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பித்தால் சம்பளப் பட்டியல் முன்னுக்கு வரும், கடன் கொப்பி பின்னுக்குப் போகும். ஒரே கடிதத்தை 14 இடத்துக்கு அனுப்பக்கூடாது என்று சொல்வதன் காரணம் இந்த வரிசை மாற்றம்தான்.

முதல் பந்தி இப்படி வரலாம்:

"தங்கள் மட்டக்களப்புக் கிளையின் கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். கல்முனையில் கட்டடப் பொருள் விற்பனை நிலையமொன்றில் 18 மாதங்கள் கணக்குப் பொறுப்பில் இருந்தேன். கடனுக்குப் பொருள் எடுத்த சுமார் 60 வாடிக்கையாளர்களின் நிலுவையை எக்செலில் பதிந்து, 30 நாள் கடந்தவற்றைத் தனியே பிரித்து, வாரந்தோறும் தொலைபேசியில் நினைவூட்டுவது எனது வேலையாக இருந்தது."

60 என்பது மாதிரிக்குப் போட்டது. உங்கள் கடன் கொப்பியில் எத்தனை பெயர் இருந்ததோ அதை எழுதுங்கள். எண் சிறிதாக இருந்தாலும் குற்றமில்லை. 25 பேர் என்பது "பல வாடிக்கையாளர்கள்" என்பதைவிட எப்போதும் பெறுமதியானது. நேர்முகப் பரீட்சையில் அதைப் பிடித்துத்தான் கேள்வி வரும். ஆகவே கூட்டி எழுதவேண்டாம்.

இரண்டாம் பந்தியில் மிச்ச வேலைகளையும் டிப்ளோமாவையும் இரண்டு மூன்று வசனத்தில் சொல்லுங்கள். காசு மீதி, வங்கி இணக்கக் கூற்று, சம்பளம். ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி வேலை நீங்களே செய்திருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். செய்திராவிட்டால் தொடவேண்டாம். சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் ஊழியரிடம் 8 வீதம், தொழில் தருநர் 12 வீதம், நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருநர் மட்டும் 3 வீதம் என்பதைக்கூடச் சொல்லத் தடுமாறினால், கடிதத்தில் உள்ள மற்ற வரிகள் மேலும் சந்தேகம் விழும். எக்செலும் அப்படித்தான். "எக்செல் தெரியும்" என்பதை எல்லாரும் எழுதுகிறார்கள். நிலுவையை நாள் வாரியாகப் பிரிக்க எந்தச் சூத்திரம் போட்டீர்கள், பிவட் அட்டவணை போடுவீர்களா என்று ஒரு சொல்லில் காட்டினால் போதும்.

மூன்றாம் பந்தி அவர்கள் மனதில் எழும் சந்தேகங்களுக்கு. உங்களுக்கு மூன்று இருக்கின்றன.

முதலாவது, ஏழு மாத இடைவெளி. "முன்னைய நிறுவனம் மூடப்பட்டதால் பணி முடிவடைந்தது. உடனடியாகக் கடமையேற்க முடியும்." அவ்வளவுதான். ஏன் மூடினார்கள், அதன்பின் எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்று நீட்டினால், சின்ன விடயம் பெரிய விடயமாகிவிடும். இரண்டாவது, தூரம். களுவாஞ்சிக்குடியிலிருந்து டவுனுக்குப் பஸ் தாராளமாக இருப்பது உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும். தலைமை அலுவலகம் கொழும்பில் இருந்தால் அங்கே இருப்பவருக்குத் தெரியாது. "நாளாந்தம் வந்துபோவேன்" என்று ஒரு வசனம் வையுங்கள். மூன்றாவது, சிங்களம். "நன்று", "நடுத்தரம்" என்ற சொற்கள் எதையும் சொல்வதில்லை. "வாடிக்கையாளருடன் சிங்களத்தில் பேசி விளங்கப்படுத்துவேன், எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன்" என்றால் தெளிவு. ஒன்றும் தெரியாவிட்டால் கடிதத்தில் எதுவும் எழுதாமல் விடுங்கள். விசேட தகைமை என்றுதானே போட்டிருக்கிறார்கள், கட்டாயத் தகைமை என்று இல்லையே. ஆனால் சிங்கள வாடிக்கையாளர் அதிகமுள்ள அம்பாறை டவுன் கிளைக்கு விண்ணப்பிக்கும்போது இதே விடயம் கட்டாயத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

முடிவில் ஒரு வசனம்: சுயவிபரக் கோவை இணைக்கப்பட்டுள்ளது, நேர்முகப் பரீட்சைக்கு எந்த நாளும் சமுகமளிக்க முடியும், தொலைபேசி எண் இது. சம்பள எதிர்பார்ப்பு விளம்பரத்தில் கேட்டிருந்தால் மட்டும். அடையாள அட்டை எண், பிறந்த திகதி, சமயம், திருமண நிலை எதற்கும் கடிதத்தில் இடமில்லை. வீட்டில் நான்கு பேர் என்னை நம்பி இருக்கிறார்கள் என்ற வரியும் வேண்டாம். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அந்த வரிக்காக யாரும் வேலை தருவதில்லை. அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதத்தை இணைக்கும் பழக்கமும் நம்மிடம் போகவில்லை. தனியார் கம்பனியில் அது உதவுவதைவிடத் தடக்குவதே அதிகம். அந்தக் கிளையில் வேலை செய்யும் ஒருவர்தான் வெற்றிடத்தைச் சொன்னார் என்றால், அவரிடம் கேட்டுவிட்டு முதல் வசனத்தில் அவர் பெயரைச் சொல்லலாம்.

இனி மொழி. விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியில் எழுதுவது பொது விதி. உங்கள் விடயத்தில் விளம்பரம் தமிழ்ப் பேப்பரில் வந்திருந்தாலும் ஆங்கிலத்தில் எழுதுவதே புத்தி. லீசிங் கம்பனிகளில் ஆளெடுக்கும் முடிவு பெரும்பாலும் தலைமை அலுவலகத்தில்தான், அங்கே கோப்பு ஆங்கிலத்தில் ஓடும். உள்ளூர் அரச சார்பற்ற நிறுவனத்தின் கள உத்தியோகத்தர் வேலை என்றால் தமிழே நல்லது. அங்கே வேறு இரண்டு விடயமும் முன்னுக்கு வரவேண்டும்: மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம், எந்தெந்தக் கிராமங்களில் வேலை செய்தீர்கள் என்பது.

ஆங்கிலக் கடிதத்துக்குப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. முடிந்துபோன வேலையை இறந்தகாலத்தில் எழுதவேண்டும், நம்மவர் அதிகம் சறுக்குவது அதில்தான். "ஐ வேர்க்ட்" என்று நேராக எழுதுங்கள், "ஐ ஆம் வேர்க்ட்" அல்ல. "ரெஸ்பெக்டட் சேர்", "ஐ பெக் டு அப்ளை" எல்லாம் தாத்தா காலத்தோடு போகட்டும். ஆளின் பெயர் தெரியாமல் "டியர் சேர் / மேடம்" என்று தொடங்கினால் முடிவில் "யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி". பெயர் போட்டுத் தொடங்கினால் "யுவர்ஸ் சின்சியர்லி". சட்ஜிபிடியிடம் பிழை திருத்தக் கொடுங்கள், முழுவதையும் எழுதக் கொடுக்கவேண்டாம். அது போடும் அலங்காரச் சொல்லைக் காட்டி நேர்முகப் பரீட்சையில் "இதுக்கு என்ன கருத்து, சொல்லுங்க பாப்பம்" என்று கேட்டால் என்ன செய்வீர்கள்?

நீளம் ஒரு பக்கம், 250 முதல் 350 சொல். எழுத்தளவு 11 அல்லது 12, நாற்புறமும் ஒரு அங்குல இடைவெளி. மேலே உங்கள் முகவரி, திகதி, பெறுநர், அதன்கீழ் பதவியின் பெயரோடு பொருள் வரி.

தமிழில் எழுதும் மற்ற வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல கொமினிகேஷன்களில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் ரைப் பண்ணுகிறார்கள். அந்த வேர்ட் கோப்பை அப்படியே அனுப்பினால், பாமினி இல்லாத கணினியில் உங்கள் கடிதம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். மின்னஞ்சலுக்குள் ஒட்டினாலும் அதே கதி. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடில் ரைப் பண்ணித் தரக் கேளுங்கள், இல்லையென்றால் பி.டி.எஃப். ஆக்கி வாங்குங்கள்.

பி.டி.எஃபிலும் ஒரு பொறி உண்டு. பழைய வாடிக்கையாளரின் கோப்பில் பெயரை மட்டும் மாற்றித் தரும்போது, கோப்பின் உள்விபரத்தில் தலைப்பாகப் பழைய ஆளின் பெயரோ பழைய பதவியோ இருந்துவிடலாம். கடிதத்தில் உங்கள் பெயர் இருக்கும், பிரவுசரில் திறந்தால் மேலே தாவலில் இன்னொருவர் பெயர் மின்னும். அனுப்புமுன் போனில் அல்ல, கணினியில் ஒருதரம் திறந்து பாருங்கள்.

மின்னஞ்சலின் பொருள் வரியில் பதவி, கிளை, உங்கள் பெயர். உள்ளே ஒன்றும் எழுதாமல் இணைப்பை மட்டும் அனுப்புவது பலர் விடும் பிழை. இன்ன பதவிக்கு விண்ணப்பிக்கிறேன், கடிதமும் சுயவிபரக் கோவையும் இணைப்பில் என்று மூன்று வரி போதும். கோப்பின் பெயர் "நியூ டொக்குமென்ட் 2" என்று இருந்தால் மாற்றி, உங்கள் பெயரையும் பதவியையும் வையுங்கள். போனில் படம் பிடித்த சான்றிதழ்களை அவர்கள் கேட்காவிட்டால் அனுப்பவேண்டாம். ஜிமெயில் 25 எம்.பி.க்கு மேல் இணைப்பாக ஏற்காது, அதற்கு முன்னரே பெறுபவருக்கு அலுத்துவிடும்.

இவ்வளவும் தனியார் வேலைக்கு. வெள்ளிக்கிழமை வர்த்தமானியில் வரும் அரச பதவிக்குக் கவர் லெட்டர் வேலையே இல்லை. அங்கே தரப்பட்ட மாதிரிப் படிவத்தை வரிசை மாறாமல் நிரப்பி, தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தால் கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் பதவியை எழுதி, சொன்ன திகதிக்குமுன் பதிவுத் தபாலில் போடவேண்டும். ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்பவேண்டும்.

அனுப்பியபின் ஒட்டிய விளம்பரத் தாளை எறிந்துவிடாதீர்கள். பின்பக்கம் அனுப்பிய திகதியை எழுதி, போன் சார்ஜ் போடும் இடத்தில் வையுங்கள். 14 இடத்துக்கு அனுப்பிய ஒருவருக்குக் கொழும்பு நம்பரிலிருந்து அழைப்பு வரும்போது, "எந்த வேலைக்கு சேர்?" என்று கேட்காமல் இருக்க அந்தத் தாள் வேண்டும். முடிவுத் திகதி கடந்து இரண்டு கிழமையாகியும் அழைப்பு வராவிட்டால், கிளைக்குக் காலை பத்து மணிக்குப் பின் ஒரேயொரு தரம் எடுத்து, விண்ணப்பம் கிடைத்ததா என்று மட்டும் கேளுங்கள்.