கைக்கடிகாரம் மனத்தைப் படிக்குமா?

கேள்வி: என் கைக்கடிகாரம் ஒரு வாரமாக 'மன அழுத்தம் அதிகம்' என்றே காட்டுகிறது. எனக்கோ குறிப்பிட்டுச் சொல்லும்படி கவலை எதுவும் இல்லை. எனக்கே தெரியாத மனநோய் எதையாவது அது கண்டுபிடித்திருக்குமா?

பதில்: கடிகாரத்தைக் கழற்றி அடிப்புறத்தைப் பாருங்கள், பச்சை விளக்கு மின்னுவது தெரியலாம். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால், ஒவ்வொரு துடிப்பிலும் தோலடி நுண்குழாய்களில் இரத்தம் பெருகும்போது திரும்பி வரும் ஒளி சற்றுக் குறைகிறது. நாடியை அறியக் கடிகாரம் உண்மையில் அளப்பது இதைத்தான். 1930களிலேயே ஹெர்ட்ஸ்மன் என்ற உடலியலாளர் ஆராய்ந்த முறை இது. விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதன் வழிவந்ததுதான்.

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் விநாடிக்கு ஒன்று என்று இதயம் தாளம் தவறாமல் துடிப்பதில்லை. ஓர் இடைவெளி 0.95 விநாடியாகவும் அடுத்தது 1.04 ஆகவும் இருக்கலாம். மணிக்கட்டில் விரல் வைத்து ஆழமாக மூச்சிழுத்து மெதுவாக விட்டுப் பார்த்தால், உள்ளிழுக்கும்போது நாடி விரைவதையும் வெளிவிடும்போது தளர்வதையும் பலரால் உணர முடியும். மூளையிலிருந்து இறங்கி இதயத்தின் வேகத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பு, அதன் கடிவாளத்தை இறுக்கியும் தளர்த்தியும் பிடிப்பதால் வரும் வேறுபாடு இது. மனச்சோர்வும் பதற்றக் கோளாறும் உள்ளவர்களிடம் இந்த வேறுபாடு சராசரியாகக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடிகாரத்தின் 'அழுத்த' எண் பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

ஆனால் 'சராசரியாக' என்ற சொல்லை எளிதில் கடந்துவிடக் கூடாது. காய்ச்சல், தூக்கக் குறைவு, மது, கடும் உடற்பயிற்சி, முதுமை ஆகியவையும் அதே வேறுபாட்டைக் குறைக்கும். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில பழைய மாத்திரைகளே கூடக் குறைக்கும் என்பதுதான் வேடிக்கை. பட்டை தளர்ந்திருந்தாலோ கையை வீசி நடந்தாலோ கணக்கே பிசகிவிடும். ஆகவே இந்த எண்ணைக் கொண்டு நோயின் பெயரைச் சொல்ல முடியாது. மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒன்பது கேள்விப் படிவம், கடந்த 2 வாரங்களில் எதிலும் ஆர்வமற்றுப் போனதா, உங்களை நீங்களே தோற்றவராக நினைத்தீர்களா என்றெல்லாம் கேட்கிறது. இவற்றுக்கான விடை நாடியில் எழுதப்பட்டிருப்பதில்லை.

உங்கள் பழைய அளவோடு ஒப்பிடுவதற்கு மட்டும், அதுவும் உறக்கத்தின்போது பதிவானதை எடுத்து, இந்த எண்ணைப் பயன்படுத்தலாம். இந்த ஒரு வாரத்தில் தூக்கம் கெட்டதா, சளி பிடித்ததா, புதிய மாத்திரை எதுவும் தொடங்கினீர்களா என்று முதலில் பாருங்கள். மாறாக, மனம் வாடியே நாட்கள் கழிந்தால், கடிகாரம் 'இயல்பு' என்று காட்டினாலும் மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம்.