குறுந்தொகையும் ஹைக்கூவும்: ஒப்பீட்டை எங்கே தொடங்குவது?
வணக்கம். கொடைக்கானல் கல்லூரிக் கருத்தரங்குக்காகச் சங்கப் பாடல் தொகுப்பான குறுந்தொகையையும் ஜப்பானியக் குறுங்கவிதையான ஹைக்கூவையும் ஒப்பிட்டு எழுதும் கட்டுரை "இரண்டும் சின்ன இயற்கைக் கவிதைகள்" என்பதைத் தாண்டவில்லை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஒற்றுமையை விட்டுவிடுங்கள், வேற்றுமையில்தான் விஷயம் இருக்கிறது.

குறுந்தொகை 3ஆம் பாட்டை எடுங்கள், தேவகுலத்தார் பாடியது. தோழி தலைவனைக் குறை சொல்கிறாள். தலைவியோ நிலம், வான், நீர் என்று அளந்துகொண்டே வந்து, "கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே" என்று முடிக்கிறாள். பூப்பூவாய்ச் சேர்ந்த தேன் அந்த நட்பையும் சொல்லிவிடுகிறது. உங்கள் மலையில் 12 வருடத்துக்கு ஒருமுறை வரும் நீலக்குறிஞ்சியை 2018இல் பார்த்திருந்தால் இது இன்னும் நெருக்கமாகப் புரியும்.

ஹைக்கூவில் பருவச்சொல் உண்டு, அதாவது பருவகாலத்தைக் காட்டும் சொல்; நம் முதற்பொருள் (நிலமும் பொழுதும்), கருப்பொருள் (அந்நிலத்தின் பூ, விலங்கு போன்றவை) போல. ஆனால் ஹைக்கூக் கவிஞர் பாஷோவின் புகழ்பெற்ற கவிதையில் தவளை தவளையாகவே குளத்தில் குதிக்கிறது. யார் யாரிடம் சொல்கிறார் என்ற கேள்வியே அங்கே எழாது. நம் பாட்டோ அந்தக் கூற்று, அதாவது யார் யாரிடம் பேசுகிறார் என்பது, தெரியாமல் திறக்காது. கட்டுரையின் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள்.

அப்புறம், ஹைக்கூவின் மூன்று பகுதிகளுக்குச் சொல்லும் 5-7-5 ஒலிக் கணக்கை நம் யாப்பின் நேர், நிரை அசையோடு பொருத்த வேண்டாம். ஜப்பானியர் எண்ணும் அலகு வேறு.