மகள் தொழில் தொடங்கப் பணம் கேட்கிறாள்: கொடுங்கள், ஆனால் ஒரே தடவையில் வேண்டாம்

அம்மா, வணக்கம். மகளுக்கு வேலை உத்தரவு கைக்கு வந்துவிட்டது. ஆனால் அவள் அச்சிட்ட துணிப்பைகள் செய்து விற்கும் தொழிலில் இறங்க ஆசைப்படுகிறாள், அதற்கு உங்கள் சேமிப்பில் ஒரு பகுதியைக் கேட்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கொடுத்தால் முதலுக்கே மோசம் வந்துவிடுமோ, மறுத்தால் பிள்ளை மனம் உடைந்துவிடுவாளோ என்று தவிக்கிறீர்கள். கொடுங்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் கேட்ட தொகையை ஒரே தடவையில் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதை லாபத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. தொடங்காத தொழிலின் லாபம் யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எவ்வளவு போனால் குடும்பம் தாங்கும். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சரஸ் சரஸ்வதி, நிறுவனங்களைத் தொடங்கி வளர்த்த அனுபவசாலிகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். வரப்போகும் லாபத்தைக் கணித்துவிட்டு அவர்கள் இறங்குவதில்லை, போனாலும் தாங்கக்கூடிய இழப்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் இறங்குகிறார்கள் என்பது அவர் கண்டவற்றில் முக்கியமானது. அதனால் மருத்துவச் செலவுக்கும் இளையவன் படிப்புக்கும் வைத்திருக்கும் பணத்தை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மீதியில் எந்தத் தொகை திரும்பி வராவிட்டாலும் வீட்டில் சண்டை வராதோ, அதுதான் எல்லை.

அந்தத் தொகையையும் மூன்று நான்கு தவணையாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தவணையும் ஒரு கேள்விக்குப் பதில் தேடித் தர வேண்டும். முதல் தவணைக்கான கேள்வி: முன்பின் தெரியாத ஒருவர் முழு விலை கொடுத்து இந்தப் பையை வாங்குவாரா? இதற்குத் தையல் இயந்திரம் தேவையில்லை, அச்சு இயந்திரமும் தேவையில்லை. இரண்டே வடிவங்களில் முப்பது பைகளை வெளியே கூலிக்குத் தைத்து அச்சிட்டு வாங்கினால் போதும். ஒரு பைக்கு வெளியே கொடுக்கும் கூலி அதிகமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். விற்குமா என்று தெரியாத பொருளுக்காக இயந்திரம் வாங்கி மூலையில் போடுவதைவிட அது மலிவு. சித்தி வாங்கிய ஐந்து பைகளையும் தோழிகள் வாங்கிய பத்தையும் விற்பனைக் கணக்கில் எழுதக் கூடாது. அவர்கள் பைக்காக வாங்கவில்லை, உங்கள் பெண்ணுக்காக வாங்கினார்கள்.

இரண்டாவது தவணையைக் கொடுக்கும் முன் அவளுடைய நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். துணி, தையல் கூலி, அச்சு, அனுப்பும் செலவு, திரும்பி வந்த பைகள், அவள் செலவிட்ட நேரம் எல்லாம் அதில் இருக்கிறதா? பலர் கடைசி இரண்டையும் விட்டுவிடுவார்கள். அவற்றைச் சேர்த்தால் லாபம் என்று நினைத்தது நஷ்டமாகக்கூட மாறலாம். அப்படி மாறினால் பயப்பட வேண்டாம். விலையைத் திருத்த அதுதான் சரியான நேரம், ஏனென்றால் போட்டிருப்பது சின்னத் தொகை.

சின்ன முதல் வளர்வது லாப விகிதத்தால் மட்டுமல்ல, எவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறது என்பதாலும்தான். நூறு போட்டால் நூற்றிருபது வருகிற தொழில் என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பி வந்து, அதை அப்படியே மறுபடி போட்டால், வருட முடிவில் 207 ஆகும். அதே லாபத்தில் மாதம் ஒருமுறை திரும்பினால் கணக்குப்படி 892. நிஜத்தில் இவ்வளவு சுத்தமாக நடக்காது. விற்பனை ஒரு கட்டத்தில் நின்றுவிடும், செலவு கூடும். ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு பெரிது பாருங்கள். அதனால் 'எவ்வளவு லாபம்' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'துணி வாங்கிய பணம் எத்தனை நாளில் கைக்கு வந்தது' என்றும் மகளிடம் கேளுங்கள். இருபது வடிவங்களில் பை செய்தால் பணம் அலமாரியில் முடங்கும். கடனுக்கு விற்றால் அடுத்தவர் கையில் முடங்கும்.

பெரிய ஆர்டர் வரும்போதுதான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு நிறுவனம் ஆயிரம் பை கேட்டு, மூன்று மாதம் கழித்துப் பணம் தருகிறேன் என்றால் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் துணிக்கடைக்காரரும் தையல்காரரும் மூன்று மாதம் காத்திருக்க மாட்டார்கள். ஏட்டில் லாபம் இருக்க, கையில் காசில்லாமல் மூடிய தொழில்கள் ஏராளம். 1976இல் ஆப்பிள் தொடங்கியபோது ஒரு கடைக்காரர் ஐம்பது கணினிகள் கேட்டார். ஒன்றுக்கு 500 டாலர், கொண்டுவந்து கொடுத்ததும் ரொக்கம் என்று பேச்சு. ஸ்டீவ் ஜாப்ஸ் உதிரி பாகங்களை முப்பது நாள் கடனுக்கு வாங்கினார். அவர் தன் வேனை விற்ற பணமும், கூட்டாளி வாஸ்னியாக் தன் கால்குலேட்டரை விற்ற பணமும் தவிர அவர்களிடம் பெரிதாக எதுவும் இல்லை. விற்ற பணம் உடனே வந்தது, வாங்கியதற்குக் கொடுக்க அவகாசம் இருந்தது, அதனால்தான் சமாளித்தார்கள். உங்கள் மகளும் பெரிய ஆர்டருக்குப் பாதித் தொகையாவது முன்பணமாகக் கேட்கப் பழக வேண்டும். தர மறுத்தால் அந்த ஆர்டரை விட்டுவிடலாம். அகலக்கால் வைக்க வேண்டாம்.

தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு கட்டாயம். வீட்டுச் செலவும் தொழில் பணமும் கலந்துவிட்டால் எது எங்கே போனது என்றே தெரியாது. ஆப்பிரிக்க நாடான கானாவில் சிறு தொழில் செய்பவர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஓர் ஆய்வில், உதவியைப் பணமாகப் பெற்ற பெண்களின் லாபம் சொல்லும்படி உயரவில்லை. சரக்காகவும் கருவியாகவும் பெற்றவர்களில், ஏற்கெனவே ஓரளவு நன்றாக நடந்த தொழில்களில் லாபம் உயர்ந்தது. கையில் இருக்கும் காசை வீடு இழுத்துக்கொள்ளும், துணிக்கட்டை இழுக்காது. முடிந்தால் நீங்களும் துணிக்கான பணத்தை நேராகக் கடையில் கட்டிவிடுங்கள்.

அப்புறம், இது அன்பளிப்பா, கடனா, பங்கா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பெற்ற பிள்ளையிடம் எதற்கு என்று தோன்றும். நாளைக்கு இளையவன் 'அக்காவுக்கு மட்டும் கொடுத்தீர்களே' என்று கேட்கும்போது அந்தத் தாள் உதவும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். உத்தரவை மறுக்க வேண்டாம், சேரட்டும். ஃபில் நைட்டும் பில் பவர்மனும் 1964இல் ஆளுக்கு 500 டாலர் போட்டுக் காலணி விற்பனையைத் தொடங்கினார்கள், பின்னாளில் நைக்கி ஆனது அதுதான். நைட் அந்த ஆண்டுகளில் கணக்காளராகவும் கல்லூரி ஆசிரியராகவும் வேலை பார்த்துக்கொண்டே விற்றார். 1969இல்தான் முழுநேரமாக இறங்கினார். சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை உங்கள் மகள் தொழிலிலிருந்து ஒரு காசும் எடுக்கத் தேவையில்லை, வருவதெல்லாம் அடுத்த கட்டுத் துணிக்கே போகலாம். முதல் வருடத்தில் அந்தச் சம்பளம் உங்கள் சேமிப்பைவிடப் பெரிய முதலீடு.

சேரும் முன் நியமன உத்தரவை ஒருமுறை முழுதாகப் படிக்கச் சொல்லுங்கள். வேறு தொழில் செய்யக் கூடாது, அல்லது முன்அனுமதி வேண்டும் என்று பல நிறுவனங்கள் அதில் எழுதியிருக்கும். அப்படி இருந்தால் சேருவதற்கு முன்பே மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். முதல் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள்.