தலைச்சீராவும் ஹெல்மெட்டும்

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்குத் தோத்திரம். என் மகனுக்கு 23 வயது. தினமும் காலையில் வேதத்தில் தேவனுடைய கவசங்களைச் சொல்லும் எபேசியர் 6-ஆம் அதிகாரத்தைச் சொல்லி, இடுப்பு, நெஞ்சு, தலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டு ஜெபித்துவிட்டுத்தான் பைக்கை எடுப்பான். ஹெல்மெட் மட்டும் போடமாட்டான். கேட்டால், "இரட்சணியமென்னும் தலைச்சீரா (தலைக்கவசம்) போட்டாச்சு, அதுக்கு மேல எதுக்கும்மா?" என்கிறான். போன வாரம் போலீஸ் நிறுத்தியபோது, "வீட்ல மறந்துட்டேன் சார்" என்று சொல்லித் தப்பித்து வந்தான். விசுவாசம்தானே என்று விட்டுவிடுவதா, கண்டிப்பதா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: கண்டியுங்கள். ஆனால் சட்டத்தைக் காட்டி அல்ல. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்குத் தரும் அந்தச் சட்டம் எபேசியர் படித்தவருக்குத் தரவில்லை என்பது அவனுக்கே தெரியும். அவன் கையிலிருக்கும் வேதத்தைக் காட்டியே கண்டியுங்கள்.

தலைச்சீராவைப் பற்றி எழுதினவர் அப்போஸ்தலன் பவுல். அவர் எப்படி நடந்துகொண்டார்? அப்போஸ்தலர் 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேமில் பவுல் காவலில் இருக்கிறார். இரவில் கர்த்தர் அருகே வந்து நின்று, "திடன்கொள்", ரோமாபுரியிலும் நீ சாட்சி சொல்லவேண்டும் என்கிறார். இதைவிட உறுதியான வாக்குத்தத்தம் உங்கள் மகனுக்குக் கிடைத்திருக்கிறதா? விடிந்ததும், பவுலைக் கொல்லும்வரை சாப்பிடுவதில்லை என்று நாற்பது பேருக்கு மேல் சபதம் போடுகிறார்கள். பவுலின் சகோதரி மகன் அதைக் கேட்டு ஓடி வந்து சொல்கிறான். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ போ தம்பி" என்று பவுல் சொல்லவில்லை. நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு, இந்தப் பையனைச் சேனாபதியிடம் கூட்டிப்போங்கள் என்கிறார். அன்று இரவே இருநூறு காலாட்கள், எழுபது குதிரைவீரர், இருநூறு ஈட்டிக்காரர் புறப்படுகிறார்கள். ஒரு பவுலுக்கு 470 பேர் காவல்! வாக்குத்தத்தம் இருக்கிறதே என்று அவர் குதிரையில் ஏற மறுக்கவில்லை.

அப்புறம் நெகேமியா. எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, அவர் கட்டும்போது எதிரிகள் மிரட்டுகிறார்கள். ஜெபம்பண்ணினோம், ஜாமக்காரரையும் (காவலாளிகளையும்) வைத்தோம் என்று ஒரே வசனத்தில், ஒரே மூச்சில் எழுதுகிறார் (4:9).

மகன் விடமாட்டான், தெரியும். "தாவீது சவுல் ராஜாவின் கவசத்தைக் கழற்றிப் போட்டானே?" என்பான். போட்டான்தான். காரணத்தையும் அவனே சொல்கிறான்: "இந்த அப்பியாசம் எனக்கு இல்லை." பழக்கமில்லாததால் கழற்றினானே தவிர, விசுவாசம் இருக்கிறது, இரும்பு வேண்டாம் என்று கழற்றவில்லை. பழகின கவணை எடுத்துக்கொண்டு, ஆற்றில் இறங்கி ஐந்து கூழாங்கல் பொறுக்கிக்கொண்டுதான் போனான். எதிரே நின்ற ராட்சதன் கோலியாத்தின் போர்க்கவசம் ஐயாயிரம் சேக்கல் எடை, இன்றைய கணக்கில் ஐம்பது கிலோவுக்கு மேல். அவன் அடிபட்டது நெற்றியில். ஆகாப் ராஜாவும் கவசம் போட்டிருந்தான். எவனோ குறிபார்க்காமல் விட்ட அம்பு கவசத்தின் சந்தில் போய்ப் பாய்ந்தது. ஆகவே கவசம் போட்டவன் சாகமாட்டான் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. போடாதே என்றும் சொல்லவில்லை.

சரி, சர்வாயுதவர்க்கம், அதாவது எபேசியர் 6 சொல்லும் அந்த முழுப் போர்க்கவசம், எதற்கு? நம் யுத்தம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்று பவுல் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அதாவது மண் லாரியோடும் சாலைக் குழியோடும் அல்ல. ரோமப் போர்வீரனின் சாமான்களை எடுத்து அவர் சொல்வதெல்லாம் சத்தியம், நீதி, விசுவாசம், வசனம். கேடகத்தையே பாருங்கள். கிரேக்கத்தில் அவர் போடும் சொல் 'கதவு' என்ற சொல்லிலிருந்து வந்தது. கதவு மாதிரி ஆளையே மறைக்கும் பெரிய கேடகம். சிரியாவில் துரா யூரோப்போஸ் என்ற இடத்தில் மூன்றாம் நூற்றாண்டு ரோமக் கேடகம் ஒன்று கிடைத்தது. மெல்லிய மரத் தகடுகளை மூன்று அடுக்காக ஒட்டிச் செய்தது, நம் பிளைவுட் போல. இதை ஒருவன் தனியாகப் பிடிப்பதைவிட, பக்கத்தில் நிற்பவனோடு சேர்த்துப் பிடிப்பதில்தான் பலன் அதிகம். பவுலும் 'தரித்துக்கொள்' என்று ஒருவனிடம் சொல்லவில்லை, 'தரித்துக்கொள்ளுங்கள்' என்று சபைக்குச் சொல்கிறார். இடுப்பையும் நெஞ்சையும் தொட்டுச் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைத் தாயத்தாக மாற்றிவிட்டால், பக்கத்து வீட்டுப் பையன் வண்டி ஹேண்டிலில் கட்டியிருக்கும் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஹெல்மெட்கூட அல்ல, அந்த "மறந்துட்டேன் சார்". அவன் மறக்கவில்லை, வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போனான். காலையில் இடுப்பைத் தொட்டு முதலில் கட்டிய கச்சை எது? சத்தியம். போலீஸ்காரர் கையைக் காட்டியதும் முதலில் அவிழ்ந்தது அதுதான். பவுல் தலைச்சீராவையும் மார்க்கவசத்தையும் எடுத்த இடம் ஏசாயா 59. அங்கே அவற்றை அணிகிறவர் கர்த்தரே. அதற்கு மூன்று வசனம் முன்னால், "சத்தியம் வீதியிலே இடறி" என்று இருக்கிறது. இன்று இரவு குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரத்தை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். 14-ஆம் வசனத்தில் நிறுத்தி, எந்த வீதி என்று கேளுங்கள்.