சைக்கிளும் காலி நாற்காலியும்

வணக்கம் ஐயா,

ஆறாம் படிவத்தில் ஓவியப் பாடம் எடுத்திருக்கும் மகளின் குறிப்புகளைப் புரட்டினேன். 1974-இல் கோலாலம்பூரில் ஒரு கண்காட்சியில் பாதி குடித்த கோக் போத்தல், முடிதிருத்தும் கடையில் அள்ளிய முடி, காலி நாற்காலி எல்லாம் வைத்தார்களாம். இது கலையா? ஜார்ஜ்டவுன் சுவரோவியங்கள் குழந்தைக்கும் பிடிக்கின்றன. கலை அப்படித்தானே இருக்க வேண்டும்?

– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் புதிதல்ல. டேவான் பஹாசா என்ற மலாய் மொழி நிறுவனத்தில் ரெட்சா பியாடாசா, சுலைமான் ஈசா என்ற இரு ஓவியர்கள் அந்தக் கண்காட்சியைத் திறந்த அன்றே ஒரு கவிஞர் கடுமையாக எதிர்ப்புக் காட்டினார்.

ஆனால் பொருளோடு அவர்கள் எழுதி வைத்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே ஒரு காலிக் கூண்டும் இருந்தது. 1974 ஜூன் 10, திங்கட்கிழமை பிற்பகல் 2.46-க்குப் பறவையைத் திறந்துவிட்ட பிறகு இருக்கும் கூண்டு என்று குறிப்பு. நாற்காலியும் பலர் உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலி. வடிவத்தையும் வண்ணத்தையுமே பார்த்துப் பழகிய கண்ணை, ஒரு பொருளின் வழியாக ஓடிப்போன காலத்தின் பக்கம் திருப்பப் பார்த்தார்கள். அந்த முடி பெட்டாலிங் ஜெயா கடை ஒன்றில் எடுத்தது. பிரிக்பீல்ட்ஸில் நான் போகும் கடையிலும் சனிக்கிழமை மாலை அப்படி ஒரு குவியல் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும். நரை, கறுப்பு, சாயம் போட்ட செம்பட்டை என்று அன்று வந்துபோன எல்லார் தலையும் அதில் இருக்கும். அந்தக் கண்காட்சியைப் பற்றிப் படித்த பிறகுதான் அதை நின்று பார்த்தேன்.

சரி, உங்கள் சுவரோவியத்துக்கு வருவோம். 2012-இல் ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் ஜார்ஜ்டவுன் ஆர்மேனியன் தெருவில் வரைந்தாரே, அக்காளும் தம்பியும் சைக்கிளில் போவது. பிள்ளைகள்தான் சாயம். சைக்கிள் நிஜம், சுவரில் பொருத்திய பழைய இரும்பு. அதைக் கழற்றிவிட்டால் அந்தப் பெண் வெறுங்காற்றைத்தான் பிடித்திருப்பாள். நிஜப் பொருளைக் கலைக்குள் கொண்டுவரலாம் என்பதை நீங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். இப்படிப்பட்ட துணிச்சலுக்கு 1974-இல் திட்டு விழுந்தது, 2012-இல் படம் எடுக்க வரிசை நின்றது.

அதற்காகப் பியாடாசாவும் சுலைமானும் செய்தது எல்லாமே எனக்கு உவப்பு என்றில்லை. கண்காட்சியோடு வெளியிட்ட நீண்ட அறிக்கை, கூண்டு சொன்ன அளவுக்கு என்னிடம் பேசவில்லை. அவர்களுக்கு ஓர் ஆண்டு முன்பே ஓவியர் நிர்மலா தத் சண்முகலிங்கம் ‘ஸ்டேட்மண்ட் 1’ என்ற படைப்பில் குப்பையையும் புகைப்படங்களையும் கொண்டுவந்து வைத்தார். ஊரை நாம் எப்படி அசுத்தமாக்குகிறோம் என்று நேராகக் கேட்டார். விளக்கவுரை தேவைப்படவில்லை. அப்புறம் வியட்நாம், பெய்ரூட் என்று போர்களின் பக்கம் போனபோதும் செய்தித்தாள் படங்களையே கேன்வாஸுக்குக் கொண்டுவந்தார். நம் நாட்டில் கலை மாறிய கதையை அவரிடமிருந்து தொடங்குவதுதான் சரி என்று உறுதியாக நினைக்கிறேன்.

அவர் பிறந்தது உங்கள் பினாங்கில்தான், 1941-இல். மகளின் குறிப்பில் அந்தப் பெயர் இல்லையென்றால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.