கர்ப்பப்பை எடுத்தாச்சு, இனி? கேள்வி பதில்

குலசேகரம்: அம்மாவுக்கு வயித்தைக் கீறி ஆபரேஷன் செஞ்சு பன்னிரண்டு நாள் ஆச்சு சிஸ்டர். எப்போ ரப்பர் மரத்துல பால்வெட்டப் போகலாம்?

கத்தி பிடிக்கிறது பெரிசில்லை, பால் வாளியோட சரிவில் ஏறி இறங்குறதுதான் ஆகாது. 6 வாரம் வரை 4, 5 கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது. ஒரு நிறைகுடமே 12 கிலோவுக்கு மேல வரும். 8 வாரம் கழிச்சு டாக்டர் சரின்னு சொன்னாலும் முதல்ல பாதி மரம் போதும்.

அதுக்காக படுத்தே கிடக்க விடாதீங்க. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். முற்றத்தில் 5 நிமிஷ நடையில் தொடங்கி தினமும் கூட்டுங்க. ஒரு கால் மட்டும் கெண்டையில் வீங்கி வலிச்சாலோ, திடீர்னு மூச்சு முட்டினாலோ அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கட்டில்ல இருந்து நேரா எழும்பக் கூடாது: ஒருக்களிச்சு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்பணும். இருமல் வந்தா தலையணையை வயித்தோட அமர்த்திப் பிடிக்கணும்.

தக்கலை: சின்னத் துளை வழியா கேமரா விட்டுச் செய்ற லேப்ராஸ்கோப்பி செஞ்சது. வயித்தைவிடத் தோள்பட்டைதான் வலிக்குது!

வயித்தை உப்ப வைக்கச் செலுத்தின வாயு, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில இருக்கிற உதரவிதானத் தசையை உறுத்துது. அந்த வலியைத் தோள் காட்டும். சில நாள்ல அடங்கும். நடந்தா சீக்கிரம் குறையும்.

கருங்கல்: ரெண்டு வாரம் ஆகுது. நின்ன ரத்தம் திரும்பக் கொஞ்சம் பட்டுது. பயப்படணுமா?

உள்ளே போட்ட தையல் கரையும்போது லேசாகப் படும். பழுப்பா, இளஞ்சிவப்பா 4 முதல் 6 வாரம் வரை இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைஞ்சா, நாத்தம் வந்தா, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டா காத்திருக்க வேண்டாம். அடக்க முடியாம தண்ணியாச் சொட்டிக்கிட்டே இருந்தா அது மூத்திரக் கசிவா இருக்கலாம், வெள்ளைப்படுதல்னு விட்டுடாதீங்க. டாக்டர் உள்காயத்தைப் பார்த்துச் சரின்னு சொல்லும்வரை, குறைஞ்சது 6 வாரம், தாம்பத்தியம் வேண்டாம். ஆத்துலயும் குளத்துலயும் முங்கிக் குளிக்கிறதும் வேண்டாம். கோரிக் குளிக்கலாம்.

குளச்சல்: நாலு நாளா வெளிக்குப் போகல. தண்ணி குடிச்சா புண் ஆறாதுன்னு மாமி சொல்றாவ. மீனும் கிடையாதாம்.

மாமிக்கு அக்கறைதான், ஆனா ரெண்டும் தப்பு. முக்கினா தையலுக்குத்தான் கேடு. டாக்டர் தண்ணி அளவைக் குறைக்கச் சொல்லலேன்னா தினம் 2 லிட்டர் குடிங்க. பயறு, கீரை, பழம் சேருங்க. புண் ஆறப் புரதம் வேணும், மீன்குழம்பு தாராளமாச் சாப்பிடலாம். அப்பவும் போகலேன்னா மலமிளக்கி மருந்து கேட்டு வாங்குங்க. வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்தும் பிரியலேன்னா மட்டும் உடனே காட்டணும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும், கறுப்பாக்கும். அதைக் கட்டன்சாயாவோட (பால் சேர்க்காத டீ) விழுங்காதீங்க, சத்து உடம்புல சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க.

நாகர்கோவில்: 44 வயசு. இனி ஹார்மோன் நின்னு உடம்பு பெருத்திடுமா?

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பாருங்க. சினைப்பை ரெண்டையும் எடுத்திருந்தா உடல் சூடு, வியர்வை, தூக்கமின்மை சில நாள்லயே தொடங்கலாம். எலும்பும் வேகமாத் தேயும், அதனால ஹார்மோன் சிகிச்சை பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. சினைப்பை இருந்தா மாதவிலக்கு மட்டும்தான் நிக்கும். ஹார்மோன் தொடரும், சிலருக்குச் சில வருஷம் முந்தி அடங்கும். உடம்பு பெருக்கிறது பெரும்பாலும் அசையாம இருக்கிறதால. காலியான இடத்தைக் குடல் நிரப்பிக்கும்.

கர்ப்பப்பை வாயை விட்டு வச்சிருந்தா அங்கே புற்றுநோய் அறிகுறி இருக்கான்னு பார்க்கிற பாப் ஸ்மியர் சோதனை தொடரணும். எடுத்த கர்ப்பப்பையைச் சோதிச்ச பயாப்சி ரிப்போர்ட் வாங்கினீங்களா? பலரும் தையல் பிரிச்சதோட அதை மறந்திடுறாங்க.