சிக்னலில் நின்றால் வண்டி நடுங்கி அணைந்துபோகிறதா?

வணக்கம் நண்பரே. எட்டு வருடப் பெட்ரோல் கார், சிக்னலில் நின்றால் நடுங்குகிறது, ஏசி போட்டால் அணைந்தே போகிறது, ஓட்டத்தில் சிக்கல் இல்லை, மெக்கானிக் பெட்ரோல் பம்பை மாற்றச் சொல்கிறார் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். பம்ப் பலவீனமானால் பெரும்பாலும் மேடு ஏறும்போதுதான் முதலில் திணறும்.

எனக்கு முதல் சந்தேகம், இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் பாடி மேல்தான். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, அதன் தட்டு மயிரிழை அளவே திறந்திருக்கும். விளிம்பில் கரி படிந்தால் காற்று போதாது. இன்ஜினை அணைத்துவிட்டு, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாயைக் கழற்றிப் பாருங்கள். ஓரம் கருப்பாகப் பிசுபிசுத்தால் திராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். தட்டை விரலால் பலமாகத் தள்ள வேண்டாம், உள்ளே பல்சக்கரம் கெட்டுவிடும். சில கார்களில் துடைத்தபின் காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் வைத்து ஐடிலைப் பழக்கவும் வேண்டியிருக்கும்.

அப்புறம், இன்ஜின் ஓடும்போது உஸ்ஸென்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்; வந்தால் ஏதோ குழாயில் காற்று கசிகிறது. என் பழைய காரில், இன்ஜின் அடியில் சேரும் வாயுவைக் காற்றுப் பாதைக்குக் கொண்டுபோகும் பிசிவி குழாயின் அடிப்பக்கம் நகக்கண் அளவு வெடிப்பு; கையால் வளைத்தபோதுதான் வாய் திறந்தது.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேன் செய்யுங்கள். பி0302 என்ற கோளாறு எண் வந்தால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. சிலிண்டருக்கு ஒரு காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) இருந்தால், இரண்டாவதன் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போடுங்கள். எண் பி0303 என்று மாறினால் அந்தக் காயில்தான் போயிருக்கிறது. விளக்கு மினுக்கினால் மட்டும் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்டரைக் கெடுத்துவிடும்.

குழாயைக் கழற்றியதும் தட்டைப் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.